நல்லாசிரியரைத் தேடிய வட்டாரங்கள்

ஐக்கிய அமெரிக்காவிலே ஓர் ஆசிரியரை வேலைக்கு அமர்த்தும் அதிகாரம் தலைநகரிலுள்ள எந்த அமைச்சுக்கும் இல்லை. கற்பிப்பதற்கான தராதரப்பத்திரத்தை வழங்குவது மாநில அரசு. அப்பத்திரம் பெற்றவர்களுள் இன்னார் இன்ன பாடசாலையிலே கற்பிப்பார் என்று முடிவு செய்வது பாடசாலை வட்டாரம். இவ்வட்டாரம் ஒரு சிற்றரசு போன்றது. பெரும்பாலான வட்டாரங்களுக்கு மக்களால் தெரிவு செய்யப்பட்ட சபையொன்று உண்டு. காணிக்கும் வீட்டுக்கும் விதிக்கப்படும் வரியிலே அதற்குப் பங்கு உண்டு. அச்சபை அத்தியட்சகர் ஒருவரை நியமித்து அவர் வாயிலாக ஆசிரியரைத் தேடும். 1939-40 ஆம் கல்வியாண்டிலே இத்தகைய வட்டாரங்கள் ஏறத்தாழ 117,000 இருந்தன. சிறியன பெரியனவற்றோடு இணைக்கப்பட்டு இன்று அவை 13,000 வரையிற் சுருங்கிவிட்டன.

கல்வி அமைச்சும் மாகாண நிர்வாகமும் ஆசிரியரை நியமித்து இடமாற்றஞ் செய்யும் வழக்கத்துக்குப் பழகிய இலங்கை நேயர்களுக்கு இவ்வமைப்புப் புதுமையாகத் தோன்றலாம். ஓர் ஊர் தன் பிள்ளைகளுக்கு வேண்டிய ஆசிரியரைத் தானே தெரிந்தெடுப்பதிலும் மேலான முறை வேறு உண்டோ என்று கேட்கவுந் தோன்றும். ஆயின், அவ்வாறு தெரிந்தெடுத்த ஊர்கள் எதனைப் பார்த்துத் தெரிந்தெடுத்தன என்பதை ஆராயப் புகுந்தால், ஏறக்குறைய இரு நூற்றாண்டுக் கதையொன்று விரிகின்றது.

அதன் வேர் நியூ இங்கிலாந்து மண்ணிலே இருக்கின்றது. 1647 இல் மசாசூசெற்ஸ் குடியேற்றம் இயற்றிய சட்டம், 50 குடும்பங்கள் உள்ள ஒவ்வோர் ஊரும் எழுத்தும் வாசிப்பும் கற்பிப்பவர் ஒருவரை வைத்திருத்தல் வேண்டுமென்று விதித்தது. 100 குடும்பங்கள் உள்ள ஊரிலே, மாணவரைப் பல்கலைக்கழகப் படிப்புக்குத் தகுதிசெய்யும் இலக்கணப் பள்ளியொன்றும் அமைதல் வேண்டும். மக்கள் நாளடைவில் ஊரின் நடுவிடத்தை விட்டுப் பரந்து குடியேறினர். குளிர்காலத்திலே பனி மூடிய வழியாற் சிறுவர்கள் நெடுந்தூரம் நடத்தல் இயலாதாயிற்று. ஆகவே ஊர் பல கூறுகளாகப் பிரிந்தது. 1789 ஆம் ஆண்டுச் சட்டம் அக்கூறுகளுக்குப் பாடசாலை வட்டாரம் என்னும் பெயரையும் அங்கீகாரத்தையும் வழங்கியது. 1827 இலே இன்னொரு சட்டம் வட்டாரத்தின் கையை வலுப்படுத்திற்று. ஊரின் கல்விக் குழு விண்ணப்பதாரியைச் சோதித்துச் சான்று கொடுக்கும். ஆயின் ஆளைத் தேடிப் பிடித்துச் சம்பளம் பேசி ஒப்பந்தஞ் செய்பவர் வட்டாரத்தின் சார்பில் அமர்த்தப்பட்ட தனியொருவர். பெரும்பாலும் அவர் ஒரு கமக்காரர்.

அவர் எதைப் பார்த்தார்? முதலாவதாகப் பணத்தைப் பார்த்தார். வட்டாரத்துக்குக் கிடைக்கும் பணம் இவ்வளவுதான் என்ற வரையறை இருந்தபடியால், மலிவான ஆசிரியர் கிடைத்தாற் பாடசாலையை இன்னுஞ் சில வாரங்கள் நடத்தலாம். செலவைக் குறைக்கும் பொருட்டு ஆசிரியரை வீடுவீடாக முறைவைத்து உண்டுறங்கச் செய்யும் வழக்கமும் இருந்தது. அடுத்தபடியாக அவர் உடல்வலிமையைப் பார்த்தார். கமத்தொழில் ஓய்ந்திருக்கும் குளிர்காலத் தவணையிலே வளர்ந்த பையன்கள் பள்ளிக்கு வருவர். அவர்களை அடக்க ஓர் ஆண்மகன் வேண்டும். கோடைத் தவணையிலே சிறு பிள்ளைகளே வருவராதலின் ஓர் இளம்பெண் போதும். அவளுக்குக் கொடுக்கும் வேதனம் ஆண் ஆசிரியர் பெறுவதிற் பாதியளவு, சில இடங்களில் அதனினும் குறைவு. எட்வேட் எகிள்ஸ்ரன் 1871 இல் எழுதிய ‘ஹூசியர் பள்ளிக்கூட வாத்தியார்’ என்னும் நாவலிலே, இந்தியானா மாநிலத்துக் காட்டூர் ஒன்றுக்கு வேலை தேடிவரும் இளைஞனிடம் அவ்வூர்ப் பெரியவர் விசாரிப்பது அவனுடைய கல்வியையன்று. முன்னிருந்த வாத்தியார்களைத் துரத்திவிட்ட பையன்களோடு இவன் தாக்குப்பிடிப்பானா என்பதே அவருடைய கவலை. நாவல் கற்பனையே, எனினும் அதை வாசித்த அமெரிக்கருட் பலருக்கு அக்காட்சி புதிதாய் இருந்திராது.

மூன்றாவது காரணம் எந்த நாட்டாருக்கும் விளங்கக்கூடியது. ஆளைத் தெரிபவருக்கு மகள் உண்டு, மருமகன் உண்டு, கடன்பட்ட அயலவர் உண்டு.

இம்முறையை முற்றாக இகழ்ந்து ஒதுக்குவது நியாயமன்று. வட்டாரத்தார் தங்கள் ஆசிரியரை நேரில் அறிந்தனர். அவர் பிள்ளைகளை எவ்வாறு நடத்துகின்றார் என்பது அவர்களுடைய அடுப்பங்கரைக்கே எட்டியது. தகுதியற்றவர் அடுத்த தவணைக்கு அழைக்கப்படமாட்டார். ஆனால் அந்த அறிவு அவரை நியமித்த பின்னரே கிடைத்தது. அதற்குரிய விலையை ஒரு தவணைப் படிப்பாகப் பிள்ளைகளே கொடுத்தார்கள்.

1816 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து, தெல்லிப்பழையிலே பள்ளி தொடங்கி, பின்னர் வட்டுக்கோட்டைச் செமினரியின் முதல்வராய் விளங்கிய டானியல் பூவர் பிறந்தது இதே மசாசூசெற்ஸ் மாநிலத்திலேதான் என்பது இவ்விடத்திலே நினைக்கத்தக்கது. அவரும் அவருடைய தோழர்களும் கடல் கடந்து இங்கே பள்ளிகளை நடத்திக்கொண்டிருந்த காலத்தில், அவர்களுடைய சொந்த நாட்டிலே ஆசிரியர் தெரிவு பற்றிய பெரும் விவாதம் எழுந்தது.

அவ்விவாதத்தை எழுப்பியவருள் முதன்மையானவர் ஹோரஸ் மான். சட்டத்தரணியாகவும் மாநில மேற்சபைத் தலைவராகவும் இருந்த அவர், 1837 இல் மசாசூசெற்ஸ் கல்விச் சபையின் செயலாளர் பதவியை ஏற்று, 1848 வரை அதிலே இருந்தார். அவருக்கு அதிகாரம் மிகக் குறைவு. எந்த ஆசிரியரையும் அவர் நியமிக்க முடியாது. எவரையும் நீக்க முடியாது. ஊரூராகச் சென்று பாடசாலைகளைப் பார்ப்பதும், ஆண்டுதோறும் அறிக்கை எழுதுவதுமே அவர் கைக்கருவிகள். கற்பித்தல் ஒரு கலை. அக்கலையைப் பயின்றவரையே பிள்ளைகளிடம் ஒப்படைத்தல் வேண்டும் என்பது அவர் ஓயாது கூறிய வாதம். எட்மன் டுவைற் என்னும் வணிகர் 10,000 டொலர் அளிக்க முன்வந்தார். மாநிலச் சட்டசபை 1838 இல் அதற்கு ஈடாக இன்னொரு 10,000 டொலரை ஒதுக்கியது. அப்பணத்தைக் கொண்டு 1839 யூலை 3 ஆந் தேதி லெக்சிங்ரன் என்னும் ஊரிலே அமெரிக்காவின் முதலாவது அரசாங்க ஆசிரிய கலாசாலை திறக்கப்பட்டது. அன்று அனுமதி பெற வந்தவர்கள் மூன்று இளம்பெண்கள். ஒரு மாநிலத்தின் ஆசிரிய வர்க்கத்தையே திருத்த எழுந்த நிறுவனத்தின் முதல்நாள் வரவு அவ்வளவே.

கலாசாலையின் தலைவராக மான் தெரிந்தெடுத்தவர் நான்ரக்கெற் தீவிலே பாடசாலை நடத்திய சைரஸ் பியர்ஸ். அவர் அங்கே கற்பித்த சிறப்பே அவரை மானுக்கு அறிமுகஞ் செய்தது. கலாசாலையோடு ஊர்ப்பிள்ளைகள் பயிலும் மாதிரிப் பாடசாலை ஒன்றும் இணைக்கப்பட்டது. பயிற்சி பெறும் பெண்கள் அங்கே முறைவைத்துக் கற்பிப்பர். பியர்ஸ் பின்னாலிருந்து கவனித்து, கண்ட குறைகளைக் கலாசாலையிலே எடுத்துரைப்பார். கற்பிப்பவரைக் கற்பிக்கும்போதே பார்த்து மதிப்பிடும் வழக்கம் அமெரிக்காவிலே நிலைகொள்ளத் தொடங்கியது இத்தகைய மாதிரிப் பள்ளிகளிலேதான். அனைத்துப் பொறுப்பையும் தாமொருவராகவே சுமந்த பியர்ஸ் 1842 இலே உடல்நலங் கெட்டுப் பதவி விலகினார். ஈராண்டு கழித்து மீண்டும் வந்து சேர்ந்தார்.

கலாசாலைகள் பெருகின. எனினும் அங்கே பயின்றவரைத்தான் நியமிக்க வேண்டுமென்று வட்டாரத்தைக் கட்டாயப்படுத்தும் சட்டம் எதுவும் இருக்கவில்லை. மசாசூசெற்ஸ் மாநிலம் தன் சிறு வட்டாரங்களை ஒழித்து, ஊர் முழுவதற்கும் ஒரே குழு என்ற நிலைக்கு முற்றாக வந்தது 1882 இலேயே. இடையிலே ஒருமுறை ஒழித்ததை மீண்டும் உயிர்ப்பித்து, பின் மறுபடியும் ஒழித்த வேடிக்கையும் நிகழ்ந்தது. தன் ஆசிரியரைத் தானே தெரியும் உரிமையைக் கமக்காரர் எளிதிலே விட்டுக்கொடுக்கவில்லை.

இனி நகரங்களுக்கு வருவோம். கிராமத்திலே மருமகனுக்குக் கிடைத்த சலுகை நகரத்திலே கட்சிக்காரனுக்குக் கிடைத்தது. நகரம் பல தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு பாடசாலைக் குழு இருந்தது. அக்குழுவினர் அரசியற் செல்வாக்கினால் வந்தவர்கள். அவர்களை அணுகியவர்களுக்கே ஆசிரியப் பதவி கிட்டிற்று. 1892 இல் ஜோசப் மேயர் றைஸ் என்னும் நியூயோர்க் மருத்துவர் ஒருவர் 36 நகரங்களுக்குச் சென்று, வகுப்பறைகளிலே அமர்ந்து, ஏறத்தாழ 1,200 ஆசிரியர்கள் கற்பிப்பதை நேரிற் கண்டார். அவர் ‘போறம்’ என்னும் சஞ்சிகையில் எழுதிய கட்டுரைகள் நாடெங்கும் பரபரப்பை உண்டாக்கின. பிள்ளைகள் அசையாதிருந்து ஒரே குரலிலே ஒப்புவிக்கும் வகுப்புகளையும், அவற்றை நடத்துவோர் செல்வாக்கினால் உள்ளே வந்ததையும் அவர் மறைக்காமல் எழுதினார். நல்ல பாடசாலைகளையுங் கண்டார். இந்தியானாபொலிஸ் நகரத்தைப் பாராட்டினார். அரசியலைக் கல்வியினின்று விலக்குவதும், அத்தியட்சகர் ஆசிரியரோடு நின்று அவருக்குப் பயிற்சி அளிப்பதுமே பரிகாரம் என்பது அவர் கருத்து. இவ்விரண்டனுள் முதலாவதை நகரங்கள் ஏற்றன. இரண்டாவது செலவுமிக்கதாகையால் அவ்வளவாகக் கவனிக்கப்படவில்லை.

நியூயோர்க் நகரிலே தொகுதிக் குழுக்கள் 1896 இல் ஒழிக்கப்பட்டன. 1898 இல் ஐந்து பெரும் பிரிவுகள் ஒன்றாகி மாநகரம் அமைந்தபோது, வில்லியம் மக்ஸ்வெல் அதன் முதலாவது கல்வி அத்தியட்சகரானார். பரீட்சகர் சபை என்னும் புதிய அமைப்பும் அப்பொழுதே தோன்றியது. விண்ணப்பித்தோர் அனைவரையும் அச்சபை எழுத்திலும் வாய்மொழியிலும் சோதிக்கும், சித்தியடைந்தோரைப் பட்டியலிடும், வெற்றிடங்கள் அப்பட்டியலைக் கொண்டு நிரப்பப்படும். கட்சித் தலைவரின் கடிதம் இனிச் செல்லாது. ஏழைக் குடியேறிகளின் பிள்ளைகளுக்கு இது பெரும் வாயிலாகத் திறந்தது. பரிந்துபேச எவருமில்லாத யூதப் பெண்களும் ஐரிஷ் பெண்களும் படிப்பொன்றையே துணைக்கொண்டு ஆசிரியராயினர். இவ்வளவும் உண்மை. அச்சபையின் பிற்காலக் குறைகளைக் கண்டு அதன் பிறப்பையே பழிப்போர் இதனை மறந்துவிடுகின்றனர்.

ஆனால் பரீட்சைக்கும் ஒரு வாசற்காவலன் உண்டு. வாய்மொழிச் சோதனையிலே விண்ணப்பதாரியின் உச்சரிப்பு நிறுக்கப்பட்டது. பிறமொழிச் சாயல் நாவிலே ஒட்டியிருந்தோர், எழுத்துப் பரீட்சையிலே தேறியும் தள்ளப்பட்டனர். உலகப் போர்கள் இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்திலே யூத இளைஞரிடமிருந்து இதுபற்றிப் பல முறைப்பாடுகள் எழுந்தன. எந்தப் பரீட்சையிலும் வினாவாக வராத விதிகளும் இருந்தன. பிள்ளைப்பேற்றுக்காக விடுப்பெடுத்த ஆசிரியை ஒருவர் நியூயோர்க்கிலே கடமை தவறியவராகக் கருதப்பட்டு வேலையிலிருந்து நீக்கப்பட்டார். 1915 இல் மாநிலக் கல்வி ஆணையாளரின் தீர்ப்பினாலேயே அவர் மீண்டும் வகுப்பறைக்குள் நுழைந்தார். நாடெங்கும் நிலைமை இதனினும் கடுமையாயிருந்தது. 1942 இல் எடுக்கப்பட்ட கணக்கின்படி நூற்றுக்கு 87 வீதமான வட்டாரங்கள் மணமான பெண்ணைப் புதிதாக வேலைக்கு எடுக்க மறுத்தன. நன்றாகக் கற்பிக்கக் கற்றுக்கொண்ட ஒருத்தி மணமாலை சூடிய அன்றே தகுதியிழந்தாள் என்பது இதன் பொருள்.

பரீட்சகர் சபையின் முடிவு நீதிமன்றத்திலே தொடங்கிற்று. பொஸ்ரன் சான்ஸ், லூயி மெர்க்காடோ என்னும் இருவர் நியூயோர்க் பாடசாலைகளிலே பதில் அதிபர்களாகக் கடமையாற்றி வந்தனர். ஒருவர் கறுப்பினத்தவர்; மற்றவர் போட்டோறிக்கோ வழிவந்தவர். மாநிலம் கேட்ட தகுதிகள் அவர்களிடம் இருந்தன. மாநகரப் பரீட்சகர் சபையின் பரீட்சையே அவர்களுக்கு நிரந்தரப் பதவியை மறித்து நின்றது. 1971 இல் நீதிபதி வோல்ற்றர் மான்ஸ்பீல்ட், அதிபர் தரப் பரீட்சைகளின் பெறுபேறுகளை ஆராய்ந்தார். வெள்ளையருள் நூற்றுக்கு 44 பேரளவிலும், கறுப்பினத்தவருள்ளும் போட்டோறிக்கோவினருள்ளும் 31 பேரளவிலும் சித்தியடைந்திருந்தனர். இவ்வேறுபாட்டை நியாயப்படுத்த வேண்டுமாயின், அப்பரீட்சை அதிபர் வேலைக்குரிய ஆற்றலையே அளக்கின்றது எனக் காட்டுதல் வேண்டும். சபையாற் காட்ட முடியவில்லை. எழுபது ஆண்டுகளுக்கு மேலாக ஆட்களை நிறுத்த தராசு, தான் எதனை நிறுக்கின்றது என்று கேட்கப்பட்டபோது விடையின்றி நின்றது. 1990 ஆம் ஆண்டின் முடிவோடு அச்சபையும் ஒழிந்தது.

தென் மாநிலங்களின் வரலாறு இன்னும் துயரமானது. அங்கே பாடசாலைகள் நிறத்தால் இரண்டாகப் பிரிந்திருந்தன. கறுப்பின ஆசிரியர் கறுப்பினப் பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். சம்பளமும் நிறத்தைப் பொறுத்தே அமைந்தது. வேர்ஜீனியா மாநிலத்து நோர்போக் நகரிலே அலின் பிளக் என்னும் இரசாயன ஆசிரியை 1939 இல் சமசம்பளங் கோரி வழக்குத் தொடுத்தார். வட்டாரம் அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டது. வழக்கை மெல்வின் ஆல்ஸ்ரன் என்னும் மற்றோர் ஆசிரியர் தம் தோளிலே ஏற்றார். அவருடைய ஆண்டுச் சம்பளம் 921 டொலர். அதே தரத்து வெள்ளை ஆசிரியருக்கு 1,200 டொலர். 1940 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், நிறங்கருதிச் சம்பளத்திலே வேறுபாடு காட்டுவது அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்த்தது. அலின் பிளக் பின்னர் வேலைக்கு மீண்டார்.

நிறத்தைச் சொல்லிக் குறைத்த சம்பளத்தை வேறு எதைச் சொல்லிக் குறைக்கலாம் என்ற கேள்வி அதன் பின் எழுந்தது. விடை கையிலே ஆயத்தமாக இருந்தது. பென் வூட் என்னும் அளவையியல் அறிஞரின் முயற்சியால் 1940 இல் தேசிய ஆசிரியர் பரீட்சை நடைபெறத் தொடங்கியிருந்தது. தென் கரோலினா மாநிலம், சமசம்பள வழக்குகளிலே தோற்ற பின், 1945 இல் அப்பரீட்சையைக் கைக்கொண்டு, பெற்ற புள்ளிக்கேற்ப ஆசிரியரைத் தரம் பிரித்துச் சம்பளம் வகுத்தது. பாழடைந்த பள்ளிகளிலே, பழைய புத்தகங்களைக் கொண்டு, வெள்ளைப் பிள்ளைக்குச் செலவிடப்பட்டதிலும் மிகக் குறைந்த செலவிலே படித்து வளர்ந்தவர்கள் அப்பரீட்சையிலே பின்தங்குவர் என்பதை எவரும் முன்கூட்டியே அறியலாம். அறிந்தே அது தெரியப்பட்டது.

1954 மே மாதத்திலே, பாடசாலைகளை நிறத்தாற் பிரித்தல் சட்டவிரோதம் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உலகம் அதனைப் பிள்ளைகளுக்குக் கிடைத்த வெற்றியாக நினைவு கொள்கின்றது. அது வெற்றியே. ஆனால் இரண்டு பாடசாலைகள் ஒன்றாகும்போது இரண்டு ஆசிரியர் குழாங்களுள் எது எஞ்சும் என்ற கேள்விக்கு அத்தீர்ப்பிலே விடை இருக்கவில்லை; அது வட்டாரச் சபைகளின் கையிலே விடப்பட்டது. வழக்கு எழுந்த இடங்களுள் ஒன்றாகிய கன்சாஸ் மாநிலத்து ரொப்பீக்கா நகரிலே, தீர்ப்பு வெளிவருவதற்கு ஓராண்டுக்கு முன்னரே, 1953 மார்ச்சிலே, கறுப்பின ஆசிரியர் சிலருக்கு அத்தியட்சகரின் கடிதம் போயிற்று. பிரிவினை ஒழியுமாயின், கறுப்பின ஆசிரியரைத் தங்கள் பிள்ளைகளுக்கு வைத்துக்கொள்ள நகரத்தார் பெரும்பாலும் விரும்பமாட்டார்கள். ஆகையால் அடுத்த ஆண்டுக்கு ஒப்பந்தம் இல்லை என்பது அக்கடிதத்தின் சாரம். அவர்கள் எவ்வாறு கற்பித்தனர் என்பது அங்கே கேள்வியாகவே எழவில்லை.

மிசூரி மாநிலத்து மோபர்லி நகரிலே 1955 இல் பாடசாலைகள் இணைக்கப்பட்டபோது கறுப்பின ஆசிரியர் 11 பேரும் வேலையிழந்தனர். அவர்கள் வழக்குத் தொடுத்து, 1959 இல் மேன்முறையீட்டிலும் தோற்றனர். தெரிவு செய்வது சபையின் தற்றுணிபு என்று நீதிமன்றம் கருதிற்று. வட கரோலினாவின் ஹென்டர்சன்வில் நகரிலே நிகழ்ந்ததும் ஏறத்தாழ அதுவே. அங்கிருந்த 24 கறுப்பின ஆசிரியருள் 8 பேருக்கே மீண்டும் இடம் கிடைத்தது. தொடர்ந்து பணியாற்ற விரும்பிய வெள்ளை ஆசிரியர் ஒருவரும் இடமிழக்கவில்லை. அதற்கு மேலாக, முன் அனுபவமில்லாத புதிய வெள்ளை ஆசிரியர் 14 பேரும் சேர்க்கப்பட்டனர். 1966 இல் இவ்வழக்கைக் கேட்ட நீதிமன்றம் வேறு விதமாகத் தீர்த்தது. நிறத்தைப் பார்க்கவில்லை என்று நிறுவும் பொறுப்பு வட்டாரத்தையே சாரும் என்றது அத்தீர்ப்பு. ஆனால் அதற்கிடையிலே பெரும்பகுதி நடந்து முடிந்துவிட்டது. 1954 க்கும் 1965 க்கும் இடையில் 17 மாநிலங்களிலே ஏறத்தாழ 38,000 கறுப்பின ஆசிரியரும் அதிபரும் வேலையிழந்தனர் என்று மதிப்பிடப்படுகின்றது. மிசிசிப்பியின் ஸ்ராக்வில் வட்டாரம் பின்னரும் ஒரு முயற்சி செய்தது. பட்டப்பின் படிப்புக்கு மாணவரைச் சேர்க்க உதவும் பரீட்சையொன்றிலே குறித்த புள்ளி பெறாதவர் ஆரம்பப் பாடசாலையிலும் கற்பிக்கலாகாது என விதித்தது. 1972 இல் அவ்விதியும் நீதிமன்றத்தாற் செல்லாததாக்கப்பட்டது.

இழப்பு ஆசிரியரோடு நின்றுவிடவில்லை. ரெனெசி மாநிலத்திலே 1980 களில் நடந்த பெரும் வகுப்புப் பரிசோதனை ஒன்றின் பதிவுகளை அண்மைக் காலத்திலே பொருளியலாளர் மீண்டும் ஆராய்ந்தனர். அப்பரிசோதனையிலே பிள்ளைகள் சீட்டுக் குலுக்குவதுபோல வகுப்புகளுக்குப் பகிரப்பட்டிருந்தமையால், ஒப்பிடுதல் எளிதாயிற்று. தொடக்க வகுப்புகளிலே ஒருமுறையேனும் கறுப்பின ஆசிரியரிடம் கற்ற கறுப்பினப் பிள்ளைகள், அவ்வாறு கற்காதவரிலும் நூற்றுக்கு 13 வீதம் கூடுதலாக உயர் பாடசாலையை முடித்தனர். கல்லூரியிற் சேர்ந்தோர் 19 வீதம் கூடுதலாக இருந்தனர். 1950 களிலும் 60 களிலும் வாயிலுக்கு வெளியே அனுப்பப்பட்டோர் எத்தகைய ஆசிரியர் என்பதை எந்தத் தேசியப் பரீட்சையும் சொல்லவில்லை. அவர்கள் இருந்திருக்க வேண்டிய வகுப்பறைகளிலே வளர்ந்த பிள்ளைகளின் வாழ்க்கையே சொல்லக்கூடியதாக இருந்தது.

நீதிமன்றங்களிலே இவை நடந்துகொண்டிருந்த காலத்திலேயே ஆய்வாளரும் ஆசிரியரை அளக்கத் தொடங்கினர். 1966 இல் வெளிவந்த ஜேம்ஸ் கோல்மனின் பேரறிக்கை, பாடசாலையிலும் பிள்ளையின் குடும்ப நிலையே பெறுபேற்றைப் பெரிதும் தீர்மானிக்கின்றது என்றது. எனினும் பாடசாலைக்குரிய காரணங்களுள் ஆசிரியரின் மொழித்திறன் குறிப்பிடத்தக்கது என்பதும் அதிலே இருந்தது. 1971 இல் எரிக் ஹனுஷெக், தனித்தனி ஆசிரியரிடையே வேறுபாடு பெரிதென்று காட்டினார். பின்னர் வந்த பல ஆய்வுகளும் ஒரு முடிவிலே ஏறத்தாழ ஒன்றுபட்டன. ஆசிரியருக்கு ஆசிரியர் பயன் வேறுபடுகின்றது. ஆனால் முதுமாணிப் பட்டமோ, முதற் சில ஆண்டுகளுக்கு அப்பாற்பட்ட சேவைக்காலமோ அவ்வேறுபாட்டை அதிகமாக விளக்கவில்லை. வட்டாரங்கள் சம்பள அட்டவணையைக் கட்டியெழுப்பியது இவ்விரண்டின் மீதே என்பதை எண்ணும்போது, இதன் கசப்பு விளங்கும்.

நடைமுறையிலே இன்னொரு தடை இருந்தது. அது கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும். நாட்காட்டியே அத்தடை. ஓய்வு பெறுவோரும் விலகுவோரும் கோடைவரை அறிவியார். வரவுசெலவுத் திட்டம் பிந்தி நிறைவேறும். ஏற்கனவே பணியிலிருப்போருக்கு இடமாற்றங் கொடுத்த பின்னரே புதியவருக்கு இடம். இவற்றால், பெரு நகர வட்டாரங்கள் யூலை, ஓகஸ்ட் மாதங்கள் வரை எவருக்கும் வேலை உறுதி செய்யாதிருந்தன. 2003 இல் வெளிவந்த ஓர் ஆய்வு, நான்கு நகர வட்டாரங்களிலே காத்திருந்து சலித்து விலகிக்கொண்ட விண்ணப்பதாரிகள் நூற்றுக்கு 31 முதல் 60 வரை இருந்தனர் எனக் கண்டது. விலகியோர், இறுதியிலே நியமனம் பெற்றோரிலும் சிறந்த கல்விப் பெறுபேறு உடையவர்கள். வறிய பிள்ளைகள் நிறைந்த நகரத்துக்கு விண்ணப்பித்தவர், மே மாதத்திலே கடிதம் அனுப்பிய வளமான புறநகருக்குச் சென்றுவிட்டார்.

தெரிவு முறையைத் திருத்திப் பார்த்த வட்டாரங்களும் உண்டு. வோஷிங்ரன் மாநிலத்து ஸ்போக்கேன் நகரத்தார், விண்ணப்பங்களை ஒருமுறை 21 புள்ளிக்கும், பாடசாலை மட்டத்திலே மறுமுறை 60 புள்ளிக்கும் மதிப்பிடுவர். வகுப்பை நடத்தும் திறன், பாடத்தை எடுத்துரைக்கும் திறன், பிறரோடு பழகும் பாங்கு, பரிந்துரைக் கடிதங்கள் முதலியவற்றுக்குத் தனித்தனிப் புள்ளி உண்டு. இப்புள்ளிகளைப் பின்னர் மாணவரின் முன்னேற்றத்தோடு ஒப்பிட்ட ஆய்வாளர், உயர்ந்த புள்ளி பெற்றவரிடம் கற்ற பிள்ளைகள் கணிதத்திலே கூடுதலாக முன்னேறினர் என்றும், அவ்வாசிரியர் வட்டாரத்தை விட்டு விலகுவதுங் குறைவென்றும் கண்டனர். ஒழுங்காகக் கேட்டால் விடை கிடைக்கும் என்பதற்கு இது ஒரு சான்று.

தலைநகராகிய வோஷிங்ரனிலே 2011 முதல் நடந்த முறை இதனினும் விரிவானது. விண்ணப்பதாரி, பாடத்தைக் கற்பிக்கும் முறை பற்றி எழுத்துச் சோதனை எழுதுவார். அடுத்து, எல்லோரிடமும் ஒரே வகையாகக் கேட்கப்படும் வினாக்களைக் கொண்ட நேர்முகப் பரீட்சைக்குத் தோற்றுவார். இறுதியாகப் பாடமொன்றை நடத்திக் காட்டுவார். லெக்சிங்ரன் மாதிரிப் பள்ளியிலே பியர்ஸ் செய்தது ஒன்றேமுக்கால் நூற்றாண்டு கழித்து நியமன மேசைக்கு வந்து சேர்ந்தது எனலாம். பல ஆயிரம் விண்ணப்பதாரிகளின் புள்ளிகளை ஆய்வாளர் பின்தொடர்ந்தனர். அச்சோதனைகளிலே உயர்ந்தோர் வகுப்பறையிலும் உயர்ந்தே நின்றனர். ஆனால் இறுதித் தெரிவு ஒவ்வொரு பாடசாலை அதிபரின் கையிலே இருந்தது. புள்ளி விவரம் அவர்கள் முன்னிலையிலே கிடந்தும், எவர் உயர்ந்த புள்ளி பெற்றார் என்பதற்கும் எவருக்கு வேலை கிடைத்தது என்பதற்கும் இடையிலே மிகச் சிறு தொடர்பே காணப்பட்டது. பட்டியலின் மேற்பகுதியில் இருந்தவர்களுட் பலரை அவ்வாண்டு எந்தப் பாடசாலையும் எடுக்கவில்லை.